மினுங்குவது கல்லா, சொல்லா?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்று, ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் அவங்க அம்மா போன்ல இருந்து அனுப்பினது. "ஆன்ட்டி, இங்கிலீஷ்ல கோலிக்குண்டுக்கும் மார்பிள்ஸ்னு சொல்றாங்க, எங்க வீட்டுத் தரைக்கும் மார்பிள்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா? கோலிக்குண்டு கண்ணாடியாச்சே?" அவ்வளவுதான் கேள்வி. ரெண்டே வரியில பதில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா இந்தச் சொல்லோட எங்க வீட்டுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. அதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல கணக்கு. மூணு வருஷம் முன்னாடி மதுரையில நாங்க வீடு கட்டினோம். சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போடணும்னு எனக்கு ஒரே ஆசை. எங்க அம்மா அப்பவே சொன்னாங்க: "ஏத்தா, சலவைக்கல்லு அடுப்படிக்கு ஆகாது. புளி பட்டா போச்சு." நான் சிரிச்சேன். "இது சலவைக்கல்லு இல்லம்மா, மார்பிள்"னு சொன்னேன். ஆமாம், சொற்களைப் பற்றியே நிகழ்ச்சி நடத்துற நான்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டும் ஒரே கல்லுக்கான ரெண்டு பெயர்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அம்மா சொல்ற சொல் பழசு, கடைக்காரர் சொல்ற சொல் புதுசு, அதனால பொருளும் வேறங்கிற மாதிரி வாய் பேசிருச்சு.

அம்மாவோட சொல்லையே முதல்ல எடுத்துக்குவோம். சலவைக்கல்னா துணி துவைக்கிற கல்லுன்னு நிறைய பேர் நினைச்சிருக்காங்க. சின்ன வயசுல நானும்தான். அது இல்லை. சலவை வேட்டி, சலவை நோட்டுன்னு சொல்றோம் பாருங்க, வெளுத்து மொடமொடன்னு இருக்கிறது. அந்த வெளுப்புதான் இந்தக் கல்லுக்கும் பேராச்சு. இதைவிடப் பழைய சொல் பளிங்கு. இப்போ தாஜ்மகாலைப் பத்தி எழுதுற யாரும் "வெண்பளிங்கு" இல்லாம எழுதுறதில்லை. ஆனா பளிங்குன்னா ஆதியில மார்பிள் கிடையாது. மணிமேகலையில உவவனத்துல ஒரு பளிக்கறை வரும், ஞாபகம் இருக்கா? உதயகுமாரன் துரத்திட்டு வரான், மணிமேகலை அந்த அறைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறா. அந்த அறையோட விசேஷமே, உள்ளே இருக்கிறவங்க உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே கேட்காது. இவன் சுவரைத் தடவிப் பார்க்கிறான், வழி அகப்படலை. மார்பிள் சுவரா இருந்தா இந்தக் காட்சியே நடக்காது! உருவமே தெரியாதே. அது ஸ்படிகம், ஒளி ஊடுருவிப் போற பொருள். பாலியில பளிகம், வடமொழியில ஸ்படிகம், தமிழ்ல பளிங்கு, மூணும் சொந்தக்காரங்கன்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. என் காதுக்கு என்னவோ நம்ம "பளபள"தான் அதுல கேட்குது. ஆனா காது கேட்கிறதை எல்லாம் சாட்சியா எடுத்துக்கிட்டா இந்த நிகழ்ச்சியை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆக, ஊடுருவித் தெரியுற பொருளோட பேரை, ஊடுருவித் தெரியாத ஒரு கல்லுக்குக் கொடுத்துட்டோம். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது என்ன? மினுக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

இப்ப மார்பிளுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சுல இருந்து வந்தது. பிரெஞ்சுல "மார்ப்ர்". அதுக்கு முன்னாடி லத்தீன்ல "மார்மோர்". அதுக்கும் முன்னாடி கிரேக்கத்துல "மார்மரோஸ்". நடுவுல இந்த 'ப்' எங்கிருந்து முளைச்சது? 'ம்'ல இருந்து 'ர்'க்கு நாக்கு தாவும்போது வாய் ஒரு நொடி மூடித் திறக்குது, அதுல ஒரு 'ப்' தானா விழுது. லத்தீன் "நூமெருஸ்" ஆங்கிலத்துல "நம்பர்" ஆனதும் இதே கதை. சரி, கடைசி 'ர்' எப்படி 'ல்' ஆச்சு? ஒரே சொல்லுல ரெண்டு 'ர்' இருந்தா நாக்குக்கு அலுப்பு, ஒண்ணை மாத்திடும். "பர்ப்பிள்"ங்கிற நிறமும் ஒரு காலத்துல "புர்ப்புரா"தான். ஸ்பானியர்கள் ஆங்கிலேயரைக் கேட்காமலே "மார்மோல்"னு வச்சுக்கிட்டாங்க. இதெல்லாம் வெள்ளைக்காரன் நாக்குக் கோளாறுன்னு நினைக்காதீங்க. ரப்பரை லப்பர்னு சொல்றவங்க நம்ம தெருவிலேயே இருக்காங்க.

கிழக்குப் பக்கம் வந்த கிளை அந்தப் பழைய ஓசையை அப்படியே வச்சிருக்கு. பாரசீகத்துல "மர்மர்". கல்லுக்கு அங்கே "சங்". ரெண்டையும் சேர்த்து "சங்கே மர்மர்", இந்தியில "சங்மர்மர்". துருக்கியில "மெர்மெர்". பள்ளிக்கூட வரைபடத்துல இஸ்தான்புல் பக்கத்துல மர்மரா கடல்னு குறிச்சிருப்போமே, அதுவும் இதே சொல்தான். அந்தக் கடலுக்கு நடுவுல ஒரு தீவு, அங்கே பழங்காலத்துல இருந்தே மார்பிள் சுரங்கங்கள். ஹாகியா சோபியாவுக்கே அங்கிருந்துதான் கல் போயிருக்கு. தீவுக்குக் கல்லால பேர் வந்தது, கடலுக்குத் தீவால பேர் வந்தது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் அந்த மர்மர் வரலை. கப்பலேறிச் சுத்தி வந்த மார்பிள்தான் வந்தது. அதையும் நம்ம கடைக்காரங்க பாதிப் பேர் போர்டுல "மார்பில்ஸ்"னு எழுதி வச்சிருக்காங்க. பைபாஸ் ரோட்டுல போகும்போது என் பொண்ணு ஒவ்வொரு போர்டையும் படிச்சு, "யார் மார்பிலும்மா?"ன்னு கேட்பா.

கிரேக்கத்துக்குத் திரும்புவோம், சுவாரசியம் அங்கேதான் இருக்கு. மார்மரோஸ்ங்கிற சொல் ஹோமரோட இலியத்துலேயே வந்துடுது. அங்கே அது கோயிலும் இல்லை, சிலையும் இல்லை. பத்ரோக்ளுஸ் கையில அகப்பட்ட கரடுமுரடான, மினுங்குற ஒரு கல். அதை எடுத்து ஹெக்தோரின் தேரோட்டி கெப்ரியோனஸ் மேல வீசுறான், நெத்தியில பட்டு ஆள் காலி. இந்தச் சொல் இலக்கியத்துக்குள்ள வர்றதே மண்டை உடைக்கிற கல்லாத்தான். கிரேக்கத்துல "மார்மைரோ"ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, மினுங்குறதுன்னு அர்த்தம். மார்மரோஸ் அதுல இருந்து பிறந்ததா, இல்லை வேற எங்கிருந்தோ வந்து அதோட ஒட்டிக்கிச்சாங்கிறதுல ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து கிடையாது. கிரேக்கர்களுக்கு முன்னாடி அந்த மண்ணுல இருந்தவங்களோட சொல்லாவும் இருக்கலாம்னு ஒரு கட்சி உண்டு. எப்படி இருந்தாலும், கிரேக்கக் காதுக்கு அந்தச் சொல்லுல மினுக்கு கேட்டிருக்கு. ஏன்னா ஹோமரே கடலுக்கும் அதே குடும்பத்துச் சொல்லைப் போட்டு "மினுங்கும் கடல்"ங்கிறார். பிற்பாடு லத்தீன் கவிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கடலோட மேற்பரப்பையே "மார்மோர்"னு எழுதினாங்க. வெர்ஜில் எழுதியிருக்கார்.

ஆக அங்கேயும் மினுக்கு, இங்கேயும் மினுக்கு.

இந்த இடத்துல கல் எதுன்னு சொல்லிடணும். புவியியல்காரரைக் கேட்டா, மார்பிள்னா சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் வெந்து, அதுல இருக்கிற கால்சைட் எல்லாம் மறுபடி படிகமா கோத்துக்கிட்ட கல்லும்பார். கராராவும் அதுதான், மக்ரானாவும் அதுதான். வெளிச்சம் அந்தப் படிகத்துக்குள்ள கொஞ்ச தூரம் போய் திரும்பி வரும். அதனாலதான் மார்பிள் சிலைக்குத் தோல் மாதிரி ஒரு உயிர் வருது. கல் வியாபாரியைக் கேட்டா வேற பதில் வரும். மெருகு ஏறினா அது மார்பிள், அவ்வளவுதான். இங்கிலாந்துல சாலிஸ்பரி தேவாலயத் தூண்கள்ல இருக்கிற "பர்பெக் மார்பிள்", நத்தை ஓடு நிறைஞ்ச வெறும் சுண்ணாம்புக்கல். உதய்ப்பூர் பக்கத்துல இருந்து வர்ற பச்சை மார்பிள், செர்பென்டைன்ங்கிற வேற ஜாதிக் கல். படிச்சவங்க இதைக் கேட்டா வியாபாரி ஏமாத்துறான்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. மார்மரோஸ்னு சொன்ன கிரேக்கன் கல்லை உடைச்சுப் படிகம் பார்த்தா பேர் வச்சான்? மினுங்குச்சு, பேர் வச்சான். கடைக்காரர் பழைய அர்த்தத்தைக் காப்பாத்திட்டு வர்றார்னுதான் நான் சொல்வேன். ஆனா ஒரு எச்சரிக்கை. இந்த அர்த்தத்தை நம்பி அடுப்படியில காசு போடாதீங்க.

நான் போட்டேன். எனக்கு வந்தது அசல் மார்பிள்தான், அதுல குறை சொல்ல முடியாது. அசலா இருந்ததுதான் வம்பே. ஆறே மாசம். மேடை முழுக்க வட்டம் வட்டமா மங்கல். எலுமிச்சம்பழம் அறுத்து வச்ச இடம், புளி கரைச்ச கிண்ணம் வச்ச இடம், தயிர் சிந்தின இடம். சோப்பு போட்டேன், சோடா மாவு போட்டேன், என்னென்னமோ போட்டுத் தேய்ச்சேன். போகலை. போகாது. ஏன்னா அது கறை இல்லை. புளிப்பு கால்சைட்டைத் தின்னுடுது. சுண்ணாம்புல எலுமிச்சைச் சாறு விட்டா நுரைக்குமே, அந்த வேலைதான் மெதுவா நடக்குது. கல் இருக்கும், நிறம் இருக்கும், மேல இருந்த மினுக்கு மட்டும் போயிடும். பாலிஷ் மெஷின்காரரைக் கூப்பிட்டா, "மேடம், மறுபடி இழைச்சாத்தான். இழைச்சாலும் அடுத்த மாசம் கூப்பிடுவீங்க"ன்னு சிரிச்சார்.

அன்னைக்கு ராத்திரிதான் அம்மாகிட்ட கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரியும்னு. படிச்சது அஞ்சாம் வகுப்பு. எங்க வீட்ல அதுக்கு முன்னாடி மார்பிள்னு ஒரு துண்டு கூட இருந்ததில்லை.

அம்மா காரைக்குடிப் பக்கம். எங்க அம்மாச்சி ஒரு பெரிய வீட்ல வேலை பார்த்தாங்க. இத்தாலியில இருந்து கப்பல்ல வந்த மார்பிள், பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடின்னு சொல்வாங்க பாருங்க, அந்த மாதிரி வீடு. அம்மாவுக்கு அப்போ பன்னெண்டு வயசு. 1969ஆக இருக்கணும்னு அவங்க கணக்கு. கார்த்திகைக்கு முன்னாடி விளக்கெல்லாம் தேய்க்க அம்மாச்சியோட கூடப் போயிருக்காங்க. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு நல்லா தேய்ச்சு, கழுவாம, கொண்டு வந்து முகப்புல தூண் ஓரமா தரையில வச்சுட்டாங்க. கழுவத் தண்ணி எடுக்கப் போனவங்களை யாரோ வேற வேலை சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க. திரும்பி வந்து விளக்கை எடுத்தா, தரையில ஒரு வட்டம்.

"துடைச்சேன் துடைச்சேன், முந்தானையால, பாவாடையால. அப்புறம் எங்கம்மா வந்து தேய்ச்சாங்க. போகவே இல்லை. அந்த வீட்டு ஆச்சி வந்து பார்த்தாங்க. திட்டவே இல்லை. அதான் பயமா இருந்துச்சு. 'சலவைக்கல்லுடீ இது. இதுல புளி படலாமா?'ன்னு மட்டும் கேட்டாங்க." அந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. எவ்வளவுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. தீபத்துக்கு அந்த வருஷம் வீட்ல பொரி உருண்டை பிடிக்கலைங்கிறது ஞாபகம் இருக்கு. அம்மாச்சி ஒரு வார்த்தை சொல்லலையாம். ஆனா அதுக்கப்புறம் அம்மாவை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலை.

எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு. அம்பது வருஷத்துக்கு மேல அம்மா ஒரு சொல்லை அதோட வேதியியலோட சேர்த்து வச்சிருந்திருக்காங்க. நான் அதை வட்டார வழக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, பையனோட கேள்வி பாக்கி இருக்கு. கண்ணா, நீ கேட்டது சரியான கேள்வி. கோலிக்குண்டுக்கு இங்கிலீஷ்ல மார்பிள்னு பேர் வந்தது, அது ஒரு காலத்துல நிஜமாவே மார்பிள் கல்லுல செஞ்சதால. 1690கள்ல இருந்து அந்த அர்த்தம் எழுத்துல கிடைக்குது. ஜெர்மன்ல கோலிக்கு "முர்மெல்"னு பேர், அதுவும் மார்மோர்ல இருந்து வந்ததுதான். ஜெர்மனியில பெர்ச்டெஸ்காடன் பக்கத்துல ஒரு ஓடை இருக்கு, அங்கே 1683ல இருந்து ஒரு உருண்டை ஆலை. தண்ணி விசையில ஒரு மரத்தட்டு சுத்தும். கீழே காடி வெட்டின கல். நடுவுல மார்பிள் துண்டுகளைப் போட்டா, உருண்டு உருண்டு, நாள் கணக்குல தேய்ஞ்சு, குண்டா வெளியே வரும். இன்னைக்கும் அது ஓடுது. 1840கள்ல ஜெர்மனியோட லௌஷாங்கிற ஊர்ல கண்ணாடிக்காரங்க, பழுத்த கண்ணாடிக் கம்பியைக் கத்தரிச்சு உருட்ட ஒரு கத்தரியைக் கண்டுபிடிச்சாங்க. பின்னாடி அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல மெஷின் வந்துடுச்சு. கல் போய் கண்ணாடி வந்தது, பேர் மட்டும் கல்லோடதே நின்னுடுச்சு. உன் கையில இருக்கிறது கண்ணாடி, அதோட இங்கிலீஷ் பேர் கல்.

நம்ம கோலிக்கு இந்தக் குழப்பமே இல்லை. கோலின்னா வடக்குல உருண்டை. மாத்திரையும் கோலி, துப்பாக்கி ரவையும் கோலி. நாம குண்டுன்னும் சொல்றோம், அதுவும் அந்த மாதிரிதான், வெடிகுண்டு வரைக்கும் போகும். யாழ்ப்பாணத்துல போளை. எல்லாமே வடிவத்துக்கு வச்ச பேர். கோலி சோடாவுல இருந்த குண்டும் இதேதான். ஹைரம் காட்ங்கிற ஆங்கிலேயர் 1872ல காப்புரிமை வாங்கின பாட்டில் அது. உள்ள இருக்கிற கேஸே குண்டை மேல தள்ளி, வாயில இருக்கிற ரப்பர் வளையத்துல அழுத்தி மூடிக்கும். தனி மூடி தேவையில்லை. எங்க தெருவுல அந்தக் குண்டுக்காகவே பாட்டிலை உடைச்சு அடி வாங்கின பசங்க உண்டு. பேர் சொல்ல மாட்டேன், எங்க அண்ணன் இதைக் கேட்பார்.

ஆங்கிலத்துல புத்தி பேதலிச்சவங்களை "மார்பிள்ஸைத் தொலைச்சுட்டார்"னு சொல்ற வழக்கு உண்டு. பார்த்தீனான் கோயில்ல இருந்து எல்ஜின் பிரபு 1801ல தொடங்கிப் பெயர்த்துட்டுப் போன சிற்பங்களை கிரேக்கர்கள் தொலைச்சாங்களே, அதுல இருந்து வந்ததுன்னு ஒரு கதை இணையத்துல சுத்துது. நம்பாதீங்க, அந்த வழக்கு அமெரிக்காவுல பிறந்தது. ஆனா அந்தச் சிற்பங்களோட பேர்ல நிஜமாவே ஒரு சண்டை இருக்கு. 1816ல பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு அதை வாங்கினதுல இருந்து "எல்ஜின் மார்பிள்ஸ்"னே பேர். கிரேக்கர்கள் அந்தப் பேரைச் சொல்றதில்லை, "பார்த்தீனான் சிற்பங்கள்"ம்பாங்க. நானும் அதையே சொல்லிடறேன். முதல் பேர்ல எடுத்துட்டுப் போனவர் இருக்கார், கல் இருக்கு. செதுக்கினவனும் இல்லை, செதுக்கின ஊரும் இல்லை.

முடிக்கிறதுக்கு முன்னாடி. போன பொங்கலுக்கு அம்மாவைக் காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த வீடு இப்ப தங்கும் விடுதி ஆயிடுச்சு. வெளிநாட்டுக்காரங்க வந்து போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. காபி குடிக்க வந்தோம்னு சொல்லி உள்ளே போனோம். அம்மா செருப்பைக் கழட்டி வாசல்லயே விட்டாங்க. "மேடம், பரவால்ல, போட்டுக்கிட்டே வாங்க"ன்னு அங்கே வேலை பார்க்கிற பையன் சொன்னான். கேட்கலை. நேரா அந்தத் தூண்கிட்ட போனாங்க. குனிஞ்சு, கையால தரையைத் தடவினாங்க. வெளிச்சம் படுற மாதிரி நானும் பக்கத்துல உட்கார்ந்து சாய்ச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. சீரா மினுங்குச்சு.

"பாலிஷ் போட்டுட்டாங்க"ன்னு சொன்னாங்க அம்மா. கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தது குரல். அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மேசையில எலுமிச்சம்பழத் தண்ணி வச்சிருக்கீங்கல்ல, பார்த்து, தரையில சிந்தாம பார்த்துக்கங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்க.

எங்க வீட்டு மேடையில இப்ப கருப்பு கிரானைட். அந்த வெள்ளைப் பலகையைத் தூக்கிப் போட மனசு வரலை, மொட்டை மாடியில உட்கார்ற திண்டா போட்டு வச்சிருக்கோம். இந்த எபிசோடை அதுல உட்கார்ந்துதான் எழுதினேன். அடுத்த வாரம் "சோடா"வைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். உங்க ஊர்ல கோலிக்கு வேற பேர் இருந்தா வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க.